மூட்டை கட்டத் தெரிஞ்சவன்

இந்தாங்க தம்பி, ஒரு கை எடுத்துக்குங்க. வறுத்த மல்லாட்டதான். உங்க பக்கம் நிலக்கடலைம்பீங்க. சூம்பிப்போயி சின்னதா இருக்குதேன்னு பாக்காதீங்க, ருசியில ஒண்ணும் கொறையிருக்காது. எங்க வூட்டுல ஒரு வருசமா இதுதான். சட்டினியும் இதுதான், சாயங்காலம் நான் கொறிக்கறதும் இதுதான். மல்லாட்ட வெளைய வைக்கறவன் வூட்டுல ஒரு உருண்டப் பயிற, அதான் பருப்ப, கண்ணுல பாக்க முடியறதில்ல. கேட்டா எம்பொண்டாட்டி, "நல்லதெல்லாம் கமிட்டிக்குப் போயிடுச்சு, நமக்கு இது போதும்"ங்கறா. சரியான கருமி. அஞ்சலாட்சின்னு பேரு. பேரு மட்டும்தான் தாராளம்.

கமிட்டின்னா அரசாங்கத்தோட விற்பனைக் கூடம். போர்டுல வேற என்னமோ நீளமா எழுதியிருக்கும், அதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஏலம் முடிஞ்சிடும், அதனால எங்க ஜனங்களுக்கு அது கமிட்டி. இப்ப அங்கதான் போயிக்கிட்டிருக்கறன். மூட்டைங்க காலையிலயே டெம்போவுல போயிடுச்சு. மூட்டைக்கு மேல பொம்பளைங்க ஏறி உக்காந்துட்டாங்க, எம்பொண்டாட்டியும் சேத்துதான். என்னைப் பாத்து, "நீ பஸ்ஸுல வா"ன்னுட்டா. கம்பெனிப் பங்குதாரன் நான், பஸ்ஸுல வரணுமாம். அந்தக் கதைய அப்பறம் சொல்றன்.

மொதல்ல மூட்டை கட்டறதப் பத்திச் சொல்லணும். அது தெரியலன்னா மத்தது எதுவும் வெளங்காது.

முன்ன ஏலம் எப்படின்னா, மல்லாட்டைய ஒடைச்சு, பயிற மூட்டையில புடிச்சு, வாயப் பிரிச்சு வரிசையா நிறுத்திடுவோம். யாவாரிங்க வருவாங்க. மேலாப்பல கைய வுட்டு ஒரு புடி அள்ளுவான், நாலு பயிற வாயில போடுவான். அவனுங்க வாயில போட்டுப் பாத்த பயிறிலயே ஒரு குடும்பம் பொழைச்சிருக்கும். அப்பறம் வெலையச் சீட்டுல எழுதிப் பொட்டியில போட்டுட்டுப் போயிடுவான். அவன் பாக்கறது மேலதான, அதனால மேல நல்லதாப் போடுவோம். அடியில சூம்பல், ஒடசல், கொஞ்சம் மண்ணு. மண்ண நாங்க போடறதில்ல தம்பி, அதுவா வரும். வந்தத நாங்க தொரத்தறதில்ல, அவ்வளவுதான்.

இது ஊரே செய்யறது. யாவாரிக்கும் தெரியும். தெரிஞ்சிக்கிட்டு, எப்படியும் அடியில மோசமாத்தான் இருக்கும்னு அதுக்கும் சேத்து வெலையக் கொறைச்சு எழுதுவான். இப்ப நீங்களே சொல்லுங்க, அடி வரைக்கும் நல்லதாப் போட்டவனுக்கும் அதே கொறைஞ்ச வெலைதான. அப்ப நல்லதாப் போட்டவன் யாரு? கேணையன். இத எம்பொண்டாட்டிக்குப் புரிய வைக்க எனக்கு இத்தன வருசம் பத்தல. "நாம திங்கற மாதிரி இருந்தாதான்யா அடுத்தவனுக்குக் குடுக்கணும்"பா. யாவாரம்னா என்னன்னே தெரியாது அவளுக்கு.

அப்பறம் சீர்திருத்தம் வந்துச்சு. பந்தல் போட்டு, எலுமிச்சை சாதம் குடுத்துச் சொன்னாங்க. நல்ல சாதம். ஒரு சின்ன வயசு ஆபீசரு, தம்பி உங்க வயசுதான் இருக்கும், மைக்கப் புடிச்சாரு. "இனிமே உங்க பயிற டில்லியில இருக்கறவங்களும் வாங்கலாம். எல்லாம் போன்லயே. நாடு பூராவும் ஒரே சந்தை. வெலைய இனிமே நீங்கதான் முடிவு பண்ணப் போறீங்க"ன்னாரு. எங்க ஊரு பச்சையப்பன் எழுந்து, "அப்ப இப்ப இருக்கறதுக்கு ரெட்டிப்பாப் போட்டுக்குங்க சார்"ன்னான். ஆபீசரு சிரிச்சாரு. எங்கள்ல யாரும் சிரிக்கல, நாங்க அத நெசம்னு நெனச்சிட்டோம்.

போனன் அந்த வருசம் கமிட்டிக்கு. உள்ள போக ஒரு வரிசை, பயிறச் சோதிக்க ஒரு வரிசை, நெட்டு வேலை செய்யலன்னு எல்லாரும் வேப்பமரத்தடியில குந்திக்கிட்டு இருந்தது ஒரு வரிசை. கடைசியில போன்ல மூணு பேரு வெலை கேட்டிருக்காங்கன்னாங்க. மூணும் வேற வேற பேரு. எனக்கு ஒரே சந்தோசம், டில்லிக்காரன் வந்துட்டான்னு. டீ குடிக்கலாம்னு கோதண்டம் மண்டிப் பக்கம் போறன், மூணு போனும் அவரு மேசை மேலதான் சார்ஜ் ஏறிக்கிட்டு கெடக்குது.

கோதண்டம் யாருன்னா, எங்க பக்கத்து மல்லாட்ட யாவாரி. எங்கப்பன் காலத்துல இருந்து எங்க பயிற அவங்க குடும்பந்தான் வாங்குது. வெதைக்குக் குடுக்கறது அவரு, சாக்கு குடுக்கறது அவரு, கல்யாணத்துக்கு வந்து மொய் வைக்கறது அவரு. அந்த உரிமையில வெலையும் அவரே வைப்பாரு. முன்ன நின்னுக்கிட்டு ஏமாத்துனாரு, சீர்திருத்தத்துக்கு அப்பறம் உக்காந்துக்கிட்டு ஏமாத்துனாரு. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. எலுமிச்சை சாதத்த நெனச்சா இன்னும் எரிஞ்சுது.

ஆபீசரப் புடிச்சு, எங்க சார் டில்லின்னு கேட்டன். "உங்ககிட்ட ஆறேழு மூட்டைதான் இருக்குது. அதுக்காக வெளியூர் லாரி வருமா? ஊரா சேந்து ஒரே லோடா கொண்டாங்க"ன்னாரு. இத எலுமிச்சை சாதத்தன்னிக்கே சொல்லியிருக்கலாம்.

அதுக்காகத்தான் குழு. குழுவுன்னு ஆரம்பிச்சு அதக் கம்பெனின்னு ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க. எங்கிட்ட அறுந்துபோவாத செருப்பு ஒரு ஜோடி கெடையாது, ஆனா கம்பெனியில பங்கு இருக்குது. தலைவி பூங்காவனம். எம்பொண்டாட்டியோட சேத்தாளி, களையெடுக்க ஒண்ணா போறவங்க. கறாரான பொம்பள. அது தெக்க ஒரு கடலைமிட்டாய் கம்பெனிக்காரங்களப் புடிச்சு வந்துச்சு. கோதண்டம் குடுக்கறத விட நல்ல வெலை. ஆனா ஒண்ணு, எல்லார் மூட்டையும் சேந்து ஒரே லோடு. கமிட்டியில சோதிச்சு மொதல் தரம்னு சொன்னாதான் எடுப்பாங்க. ஒருத்தன் மூட்டை சரியில்லன்னாலும் மொத்த லோடும் கோதண்டத்துகிட்டதான் போயி நிக்கணும். பூங்காவனம் இதச் சொல்றப்ப என்னையே பாத்துச்சு. ஏன்னு தெரியல.

சோதிக்கறது எப்படின்னா குத்தூசியில. பாத்திருக்கீங்களா? நுனி கூரா, நடுவுல பள்ளமா, கத்தி மாதிரி இருக்கும். சாக்குல குத்தி இழுத்தா பள்ளத்துல பயிறு வந்துடும். மேல பாக்கறதில்ல, அப்ப மேல நல்லதப் போட்டு என்ன புண்ணியம்? மத்தவனா இருந்தா இங்கதான் கையத் தூக்கியிருப்பான். நான் கமிட்டியில ஒரு பகல் பூரா குந்தி, குத்தூசி புடிக்கற ஆளு குத்தறதயே பாத்தன். அந்த ஆளுக்கு இடுப்பு வலி. குனியவும் மாட்டான், எக்கவும் மாட்டான். நின்ன வாக்குல மூட்டை வயித்துல குத்தறான். எல்லா மூட்டையிலயும் அதே எடம். எனக்கு வெளிச்சம் வந்துடுச்சு.

அடியில சூம்பல், நடுவுல வயித்துக்கு நேரா நல்ல பயிறு, அதுக்கு மேல திரும்ப ஒடசலும் சூம்பலும், வாயில அழகுக்கு ஒரு புடி உருண்டப் பயிறு. ஒரு வாரம் மெனக்கெட்டு எட்டு மூட்டை கட்டினன். நீலக் கயிறு போட்டு நானே தைச்சன். அஞ்சலாட்சி வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. "ஏன்யா, இது எல்லார் லோடும்யா. பூங்காவனம் மூஞ்சியில நான் முழிக்க வேணாமா"ன்னா. "நீ போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு"ன்னன். போயிட்டா. நல்லவதான், சொன்னா கேப்பா.

மூட்டை கட்டின கையோட வெவசாய ஆபீசுல எங்கள சுத்துலா கூட்டிக்கிட்டுப் போனாங்க. கண்டுணர்வு சுத்துலான்னு பேரு. விவசாயி வெளியூருக்குப் போயி இன்னொரு விவசாயி கடனாளியா இருக்கறதக் கண்டு உணர்றது. ரெண்டு நாளு, மூணு வேளையும் நல்ல சாப்பாடு. ஒரு பெரிய மிஷினக் காட்டுனாங்க, அது என்னா மிஷினுன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல.

திரும்பி வந்து பாக்கறன், மூட்டையெல்லாம் வெள்ளை நூலுல தைச்சிருக்குது. என்னடின்னன். "எலி கடிச்சிடுச்சு, திருப்பித் தைச்சன்"னா. எண்ணிப் பாக்கறன், எட்டு மூட்டை ஆறா இருக்குது. "எலி தின்னுடுச்சு"ன்னா. ரெண்டு நாளுல ரெண்டு மூட்டை. அதுவும் எல்லா மூட்டையிலயும் தையல மட்டும் பாத்துக் கடிச்சிருக்குது. எங்க ஊரு எலி அப்படி. நான் அதுக்கு மேல கேக்கல, ஏன்னா அவ முதுகு வலின்னு தைலம் தேச்சிக்கிட்டுப் படுத்திருந்தா. நான் வூட்டுல இல்ல, எனக்கு ஒல வைக்கற வேலை கூட இல்ல, அப்படி என்ன முதுகு வலியோ. மூலையில ரெண்டு சாக்கு நெறைய சூம்பல் பயிறு வேற. ஏதுன்னு கேட்டா, "மல்லாட்ட புடுங்கின கொல்லியில தப்பினதப் பொறுக்கினன்"னா. பாவம், ரெண்டு நாளும் கொல்லியிலயே குந்திக் கெடந்திருக்கா. அதான் முதுகு வலி. இப்ப நீங்க திங்கறீங்களே, அந்தச் சாக்குல கடைசி மிச்சம் இது.

சரி, லோடு போச்சு. குத்தினாங்க. வயித்துலதான் குத்தினாங்க, நான் கணக்குப் போட்ட எடத்துல. மொதல் தரம். மிட்டாய் கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டான். ஊரே பூங்காவனத்தப் பாராட்டுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.

ஆனா தம்பி, அதுக்கப்பறம் ஒரு நாலு நாளு எனக்குச் சோறு எறங்கல. ஏன்னா அங்க மிட்டாய் போடறவன் மூட்டையக் கொட்டித்தான ஆவணும். குத்தூசியிலயா மிட்டாய் போடுவான்? கொட்டினா தெரிஞ்சிடும். நெசமா பயந்துட்டன். அஞ்சலாட்சிகிட்ட கூட சொல்லிட்டன், லோடத் திருப்பி அனுப்பிட்டா என்னா பண்றதுன்னு. அவ இட்லி மாவக் கலக்கிக்கிட்டே, "ஒண்ணும் ஆவாது, தூங்கு"ன்னா. அவளுக்கென்ன, ஒண்ணும் தெரியாது.

அஞ்சாம் நாளு பூங்காவனத்துக்குப் போன் வருது. கொட்டிட்டாங்களாம். "இந்த வெள்ளை நூலு போட்ட ஆறு மூட்டை யாருது? மேலயிருந்து அடி வரைக்கும் ஒரே மாதிரி இருக்குது. இந்த மாதிரி பயிறு நாங்க பாத்ததில்ல, அடுத்த வருசமும் இந்தக் கை கட்டின மூட்டை வேணும்"னு கேக்கறானாம்.

நான் ரொம்ப நேரம் யோசிச்சன். எப்படின்னு. அப்பறம்தான் புரிஞ்சுது. லாரி. அவ்வளவு தூரம் குலுங்கிக் குலுங்கிப் போச்சு பாருங்க, நான் வைச்ச அடுக்கு ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒரே சீராயிடுச்சு. சூம்பல் எங்க போச்சுன்னு கேப்பீங்க. குலுக்கினா சின்னது பெருசோட மறைவுல ஒளிஞ்சிக்கும். இதெல்லாம் படிச்சு வர்றதில்ல தம்பி, கையில இருக்கணும். அஞ்சலாட்சிகிட்ட சொன்னன். புடவைய வாயில அடைச்சிக்கிட்டுச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. பாக்க நல்லா இருந்துச்சு. "உன் கைராசிய்யா"ன்னா.

குழுவுல விழா வைச்சாங்க. தரமான பயிறுக்குன்னு எனக்குப் பொன்னாடை. பூங்காவனந்தான் போத்துச்சு, மூஞ்சிய ஏனோ ஒரு மாதிரி வைச்சிக்கிட்டு. போத்தறப்ப, "எடுத்துட்டுப் போயி சேர வேண்டிய எடத்துல சேத்துடு"ன்னு காதுல சொல்லுச்சு. நான் அதக் கோயிலுக்குச் சேத்துட்டன், மாரியாத்தாளுக்கு. மைக்கக் குடுத்தாங்க. பேசணுமில்ல. "உழறதுக்கு மாடு போதும், களையெடுக்கப் பொம்பள போதும், ஆனா மூட்டை கட்டறதுக்கு மூளை வேணும். பொம்பளைங்களுக்கு இந்த நுணுக்கம் வராது, என் வூட்டுலயே எடுத்துக்குங்க"ன்னன். ஆம்பளைங்க பக்கம் நல்ல கைதட்டு. எம்பொண்டாட்டி மூணாவது வரிசையில குந்தியிருந்தா. அவ தட்டல. வெத்தலைய மென்னுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தா.

விழா முடிஞ்ச சூட்டோட டீக்கடையில கோதண்டத்தப் பாத்தன். என் வாழ்நாள்ல அன்னிக்குதான் அவருகிட்ட நிமிந்து பேசினன். "இனிமே உன் மண்டி வாசப்படிய மிதிக்க மாட்டன். உன் சாக்கும் வேணாம், உன் வெதையும் வேணாம்"னு நாலு பேரு முன்னால சொல்லிட்டன். ஒருமையிலயே சொன்னன். அவரு கோவப்படல. டீய ஆத்திக்கிட்டே, "மிதிப்படா தாண்டவராயா"ன்னாரு. நான் மிதிக்க மாட்டன். இந்த வருசம் வெதைக்கு எம்பொண்டாட்டி காதுத் தோட்ட அடகு வைச்சுத்தான் வாங்கினன், அவருகிட்ட போவல. அதனால இந்த லோடு போயே ஆவணும். போவலன்னா தோடும் இல்ல, மண்டியும் இல்ல. அதப் பத்திக் கவலையில்லைங்க, போவும்.

ஆனா அந்த விழாவுக்கு அப்பறம் அஞ்சலாட்சி ஒரு தினுசா ஆயிட்டா. சண்டையெல்லாம் இல்ல. சோறு போடறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. எங்க கொல்லியில பாதி அவங்கப்பன் குடுத்தது, அவ பேருலதான் இருக்குது. மல்லாட்ட புடுங்கற நேரத்துல வந்து சொல்றா, "எம்பாதிய நான் தனியா கட்டறன். நானும் குழுவுல பங்கு போட்டுட்டன்." எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. சரி, ஆசப்படறான்னு வுட்டுட்டன். அதோட நிக்கல. குழுவுல போயி, இனிமே ஒவ்வொரு மூட்டையிலயும் கட்டினவங்க பேர எழுதணும், மோசமா இருந்தா அவங்க மூட்டைய மட்டும் தள்ளிட்டு மத்தவங்களுத எடுத்துக்கணும்னு சொல்லியிருக்கா. பூங்காவனம் ஒடனே சரின்னுடுச்சு. எனக்கும் அது நல்லதாத்தான் பட்டுது. போன வருசம் என் மூட்டைக்கு வந்த பேர ஊரே பங்கு போட்டுக்கிச்சு பாருங்க.

அவ மூட்டை கட்டறதப் பாக்கணுமே நீங்க. முறத்துல கொட்டி, ஒவ்வொரு பயிறாப் பொறுக்கி, அடியில இருந்து வாய் வரைக்கும் ஒரே மாதிரி. பாக்கவே பாவமா இருந்துச்சு. "தள்ளு, நான் அடுக்கித் தர்றன்"னன். "உன் மூட்டைய நீ கட்டு, எம்மூட்டைய நான் கட்டறன்"னுட்டா. என் மூட்டைய அவ கையால கூட தொடல. நான் கட்டி முடிச்சு ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிட்டுக் கூட வந்தன். நீலக் கயிறு அப்படியே இருந்துச்சு. எலி கூட இந்த வருசம் வரல. முதுகு வலியும் இல்ல, நல்லாத் தூங்கறா.

சும்மா சொல்லக்கூடாது, இந்த வருசம் ஒரு படி மேல போயிட்டன். போன வருசம் நடுவுல பாதி மூட்டை நல்லது வைச்சன். இந்த வருசம் வயித்துல மட்டும், ஒரு ஒட்டியாணம் அகலத்துக்கு. லாரி பாத்துக்கும். மழை வேற சரியில்லாம சூம்பல் அதிகம், ஒரு பயிறு கூட வூட்டுல தங்கல, எல்லாம் மூட்டையில போயிடுச்சு. அதனால இதத் தின்னு தீத்தா எங்க வூட்டுல கொறிக்க ஒண்ணும் கெடையாது. எடுத்துக்குங்க, பரவால்ல.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு. ஆங், பஸ்ஸுலதான். ஆத்துப்பாலம் தாண்டிட்டன். ... யாரு? ... எல்லாத்தயுமா? ... அதெல்லாம் வேணாம், நீ பேசாம இரு. நான் சொல்றதக் கேளு. நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது, தெரியுதா. வை.

கம்பெனிக்காரங்களே ஆளு அனுப்பியிருக்காங்களாம் தம்பி. இந்த வருசம் குத்தூசி இல்லையாம். கமிட்டி வாசல்லயே தார்ப்பாய் விரிச்சு, ஒவ்வொரு மூட்டையா கொட்டிப் பாக்கறாங்களாம். அவ மூட்டையெல்லாம் கொட்டியாச்சாம். எடுத்துக்கிட்டாங்களாம். அடுத்தது என்னுதாம். அதுக்கு அவ என்ன சொல்றா தெரியுமா? "இன்னும் நேரம் இருக்குது, உன் மூட்டைய டெம்போவுல திருப்பி ஏத்திடட்டுமா? வூட்டுக்குக் கொண்டாந்து நான் பாத்துக் கட்டித் தர்றன், அடுத்த வாரம் போடலாம்"ங்கறா. அவ பயப்படறா பாருங்க. ஜெயிக்கற நேரத்துல மூட்டையத் திருப்பி ஏத்தறதா? போன வருசம் கொட்டினாங்க, என்னா ஆச்சு? ஒரே மாதிரி இருந்துச்சா இல்லையா?

கொட்டட்டும். ஆனா நான் போனப்பறம்தான் கொட்டணும்னுட்டன். பூங்காவனம் நிக்கணும், மைக்குல நான் சொன்னப்ப கைதட்டினவங்க நிக்கணும், கோதண்டத்தயும் மண்டியில இருந்து வரச் சொல்லணும். எல்லாரும் சுத்தி நின்னு பாக்கறப்ப நீலக் கயித்த நானே பிரிச்சு, நானே கொட்டப் போறன்.

தோ, கமிட்டி ஸ்டாப்பிங் வந்துடுச்சு. நீங்களும் எறங்கி ஒரு பத்து நிமிசம் வாங்களேன் தம்பி, அடுத்த பஸ்ஸுல போயிக்கலாம். இந்த மாதிரி மூட்டைய நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க.